புணே குன்றுகளில் காட்டுத் தீ: கோடைக்கு முன் ஆயத்தம், மழைக்கு முன் மீட்பு

புணே நகரைச் சூழ்ந்த குன்றுகளிலும், மாவட்டத்தின் மேற்கே உள்ள சஹ்யாத்ரி மலைச்சரிவுகளிலும் ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை தீ பரவும் அபாயம் மிகுதி. மழைக்காலத்தில் செழித்து வளரும் புல் இம்மாதங்களில் காய்ந்து சருகாகிவிடுகிறது. ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்குவதால், எரிந்து வெறுமையான சரிவின்மீது சில வாரங்களிலேயே கனமழை பெய்கிறது. எனவே இங்கு தீத்தடுப்பையும் மீட்பையும் தனித்தனியே கருத இயலாது.

காரணங்கள்

நாட்டில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர்களின் செயலாலேயே உண்டாகிறது. பழைய புல்லை எரித்தால் புதுப்புல் செழிக்கும் என்ற நம்பிக்கை, நெல் நாற்றங்காலில் இலைதழைகளை எரிக்கும் ‘ராப்’ முறை, அணைக்காமல் வீசப்படும் பீடித் துண்டுகள் ஆகியன இப்பகுதியில் முக்கியக் காரணங்கள். காப்புக்காடுகளில் தீ வைப்பது, இந்திய வனச் சட்டம், 1927-இன் 26-ஆவது பிரிவின்படி குற்றமாகும்.

முன்னேற்பாடுகள்

மராத்தியில் ‘ஜாள் ரேஷா’ எனப்படும் தீத்தடுப்புக் கோடுகளைப் புல் முற்றிலும் காய்வதற்கு முன்பே அமைக்க வேண்டும். சரிவை ஒட்டிய குடியிருப்புகள் கூரையிலும் வடிகாலிலும் தங்கிய சருகுகளை அகற்றி, விறகு, வைக்கோல், எரிவாயு உருளை ஆகியவற்றைப் புல்வெளி ஓரத்திலிருந்து விலக்கி வைத்தல் நன்று. முதியோரையும் கால்நடைகளையும் எவ்வழியே, யார் அழைத்துச் செல்வது என்பதை ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம், செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டறிந்து, பதிவு செய்தோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. எனினும் சிறு தீயை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் அருகில் வசிப்போரே. அவர்கள் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 அல்லது அவசர உதவி எண் 112-இல் உடனே தெரிவிக்கலாம்.

தீயின்போது

மேட்டை நோக்கித் தீ வேகமாகப் பரவும். ஆகவே தீக்கு மேற்புறமாக ஓடுவதைத் தவிர்த்து, பக்கவாட்டில் விலகி, புல்லற்ற இடத்தையோ பாறைப் பரப்பையோ அடைய வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கியதில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் மலையேறுவோர் வனத்துறையின் அனுமதியும் எச்சரிக்கையும் அறிந்தே செல்வது அவசியம்.

மீட்புப் பணிகள்

வீடு, பயிர், கால்நடை இழப்புகளைப் படம் எடுத்து, தலாட்டி எனப்படும் கிராம வருவாய் அலுவலரிடம் பஞ்சநாமா பதிவு செய்யக் கோர வேண்டும். இடிபாடுகளை அகற்றும் முன் இதைச் செய்வது, நிவாரணம் பெற உதவும்.

எரிந்த புல்லின் வேர்களும் மரங்களின் அடிக்கட்டைகளும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை, அவற்றைப் பிடுங்கலாகாது. ஜூனுக்கு முன்பாகச் சரிவின் குறுக்கே சமமட்ட வரப்புகளும் கல்லடுக்குகளும் அமைத்தால் மண் அரிப்பு குறையும். சாம்பல் கலந்த முதல் மழைநீர் கிணறுகளிலும் தொட்டிகளிலும் சேராதவாறு திருப்பிவிட வேண்டும். எரிந்த பரப்பில் ஒரு மழைக்காலமேனும் மேய்ச்சலைத் தவிர்த்தால், புல் தானாகவே மீண்டும் தழைக்கும்.