கம்பெனி பக்கத்தில் லைக் இருக்கு, கஸ்டமர் இல்லையா? கொல்கத்தா போலீஸ் காட்டிய வழி

உங்கள் நிறுவனத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? முதல் மாதம் ஜோராகப் போகும். பொங்கல் வாழ்த்து, புதுப் பொருளின் படம், தள்ளுபடி அறிவிப்பு என்று தினமும் ஒன்று போடுவீர்கள். மூன்றாவது மாதம் பார்த்தால் லைக் போடுவது எல்லாம் ஆபீஸ்காரர்கள்தான். கமென்ட் போட்ட ஒரே வெளியாளும், "என் ஆர்டர் என்னாச்சு?" என்று கேட்டிருப்பார். அதற்கும் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பக்கத்தை விளம்பரப் பலகை மாதிரி நடத்தினால், மக்களும் பலகையைப் பார்ப்பது போலத்தான் பார்த்துவிட்டுக் கடந்து போவார்கள். அவர்கள் திரும்பி வர இரண்டு காரணங்கள் வேண்டும். அங்கே படிக்க ஏதாவது இருக்கணும். கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கணும்.

இதில் முதல் விஷயத்தைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல உதாரணம் கொல்கத்தாவில் இருக்கிறது. அது ஒரு கம்பெனி இல்லை, போலீஸ் துறை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் துப்பறியும் கதை

போலீஸிடம் விற்க எதுவும் கிடையாது. போலீஸ் பக்கத்தை ஆசையாகப் போய்ப் பார்க்கும் வழக்கமும் நமக்குக் கிடையாது. ஆனாலும் கொல்கத்தா போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஒரு காலத்தில் மக்கள் காத்திருந்தார்கள். காரணம், 'ரஹஸ்ய ரவிவார்' என்ற தொடர். தமிழில் சொன்னால் 'மர்ம ஞாயிறு'. கொல்கத்தா போலீஸ் துப்பு துலக்கிய பழைய வழக்குகளை, ஐபிஎஸ் அதிகாரி சுப்ரதிம் சர்க்கார் வங்காளத்தில் கதைபோல எழுதினார்.

ஹவுரா ரயில் நிலையக் கூட்டத்தில் ஒருவரின் கையில் ஊசி குத்தி, பிளேக் கிருமியைச் செலுத்திக் கொன்ற 1933-ம் ஆண்டு பாகூர் கொலை வழக்கு போன்றவை எல்லாம் இப்படி வெளியே வந்தன. இந்தக் கதைகள் 2018-ல் 'கோயெந்தாபீட் லால்பஜார்' என்ற புத்தகமாக வந்தன. லால்பஜார் என்பது கொல்கத்தா போலீஸ் தலைமையகம் இருக்கும் இடம். அதே ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. ஒரு அரசுத் துறையின் ஃபேஸ்புக் பதிவுகள் காசு கொடுத்து வாங்கும் புத்தகமாக மாறின என்றால், அதில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கணும்.

முதலாவது, சரக்கு அவர்களுடையது. கேஸ் டைரி போலீஸிடம்தான் இருக்கும். இணையத்தில் கிடைத்த பொன்மொழியை எடுத்துப் போட்டிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, நாள் தெரிந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது அடுத்த இதழுக்காக நம் தாத்தா, பாட்டி காத்திருந்தது இப்படித்தான். என்று வரும் என்று தெரிந்தால்தான் காத்திருக்க முடியும்.

மூன்றாவது, மொழி. ஊர்க்காரர்கள் வீட்டில் பேசும் வங்காளத்திலேயே எழுதினார்கள்.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒரு கேஸ் டைரி கட்டாயம் இருக்கும். அது பெரும்பாலும் மார்க்கெட்டிங் பிரிவில் இருக்காது, சர்வீஸ் பிரிவில் இருக்கும். கோயம்புத்தூரில் பம்ப்செட் விற்கிறீர்களா? மோட்டார் ஏன் அடிக்கடி காயில் எரிகிறது என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள், பத்து வாரத்துக்கு எழுத விஷயம் கிடைக்கும். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையா? சேலையை எப்படி மடித்து வைத்தால் ஜரிகை கெடாது என்பது கவுன்ட்டரில் தினம் கேட்கும் கேள்வி. அதைக் கடையில் பேசுகிற தமிழிலேயே எழுதி வாரம் ஒரு நாள் போடுங்கள். தினம் ஒரு வெறும் போஸ்ட்டைவிட இது மேல்.

மீம் போடலாம், ஆனால் யாருடைய முகம்?

கொல்கத்தா போலீஸ் சிரிக்க வைக்கவும் செய்யும். 2019 ஐபிஎல்லில் நம்ம அஸ்வின், கிரீஸைத் தாண்டிய ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தது நினைவிருக்கும். சூட்டோடு சூடாக கொல்கத்தா டிராஃபிக் போலீஸ் அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு, சாலையிலும் கோட்டைத் தாண்டினால் வருத்தம்தான் என்று ஒரு பதிவு போட்டது. 2020 ஊரடங்கில் போலீஸார் தெருவில் நின்று, அஞ்சன் தத்தின் 'பேலா போஸ்' பாட்டு மெட்டில் கொரோனா விழிப்புணர்வு பாடிய வீடியோவும் பரவலாகப் பகிரப்பட்டது. இரண்டுமே ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஊருக்குத் தெரிந்த மொழியில் வந்தவை.

இதைப் பார்த்து உடனே மீம் போடக் கிளம்பும் முன் இன்னொரு கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டியில் பும்ரா வீசிய நோ-பாலை வைத்து ஜெய்ப்பூர் டிராஃபிக் போலீஸ் இதே மாதிரி ஒரு விளம்பரம் செய்தது. பும்ரா அதற்கு வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். புண்படுத்துவது நோக்கமில்லை என்று போலீஸ் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

போலீஸுக்காவது விழிப்புணர்வு என்ற காரணம் உண்டு. கம்பெனிக்கு அதுவும் இல்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி.சிந்து வெண்கலம் வென்றதும் பல பிராண்டுகள் வாழ்த்து என்ற பெயரில் அவர் படத்தோடு தங்கள் லோகோவையும் சேர்த்துப் போட்டன. அனுமதி இல்லாமல் இப்படிச் செய்த நிறுவனங்கள் மீது சட்ட நடவடிக்கை எடுப்பதாக, சிந்துவின் மேலாண்மை நிறுவனமான பேஸ்லைன் வென்ச்சர்ஸ் அறிவித்தது. பிரபலத்தின் முகம் உங்கள் லோகோவுக்குப் பக்கத்தில் வந்தால் அது விளம்பரம். அனுமதி வேணும்.

ஊரோடு ஒட்டி நிற்பது

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஏஷியன் பெயின்ட்ஸ், 1985-ல் கொல்கத்தாவின் துர்கா பூஜை பந்தல்களுக்கு 'ஷரத் ஷம்மான்' என்ற விருதைத் தொடங்கியது. அப்போது சமூக ஊடகம் ஏது? ஆனாலும் இந்த ஆண்டு எந்தப் பந்தலுக்கு விருது என்ற பேச்சில் அந்தப் பெயின்ட் கம்பெனியின் பெயரும் சேர்ந்துகொண்டது.

மக்கள் ஏற்கெனவே உயிராக நினைக்கும் ஒன்றை கம்பெனி மதித்தது. உங்கள் ஊரில் அது மதுரை சித்திரைத் திருவிழாவாக இருக்கலாம், பிளஸ் டூ ரிசல்ட் நாளாகவும் இருக்கலாம். வாழ்த்துப் படத்தோடு நிற்காமல், அந்த நாளில் உங்கள் கஸ்டமருக்கு என்ன உதவும் என்று யோசியுங்கள். எந்தெந்தச் சாலை மூடியிருக்கும், கடை எத்தனை மணி வரை, டெலிவரி தாமதமாகுமா? வாழ்த்தைவிட இதைத்தான் சேமித்து வைத்துக்கொள்வார்கள்.

பதில் சொல்லாவிட்டால் யார் சொல்வார்?

இதுவரை சொன்னது ஆட்களை வரவழைக்க. வந்தவர் தங்குவது உங்கள் பதிலில்தான் இருக்கிறது. இது வெறும் மரியாதை விஷயமும் இல்லை, பணம் சம்பந்தப்பட்டது.

ஒரு கஸ்டமர் பொதுவில் எழுதுகிறார்: "பணம் எடுத்துட்டீங்க, பொருள் வரல." நீங்கள் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உங்கள் லோகோவோடு, உங்கள் பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறிய போலிக் கணக்கு ஒன்று வந்து, "உங்கள் நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள், ரீஃபண்ட் தருகிறோம்" என்று சொல்கிறது. பிறகு ஒரு லிங்க், ஒரு ஸ்க்ரீன் ஷேரிங் செயலி, ஓடிபி. அவர் கணக்கு காலி. ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேடும் போலி கஸ்டமர் கேர் எண்களைப் பற்றி எச்சரிக்கிறது. பாதிக்கப்பட்டவர் மோசடிக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் உங்களைத்தான் திட்டுவார். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு.

அதனால் இந்த ஐந்தையும் உடனே செய்துவிடுங்கள்:

1. அதிகாரபூர்வ எண், மின்னஞ்சல், "நாங்கள் ஓடிபி, யுபிஐ பின் கேட்க மாட்டோம்" என்ற வரி, மூன்றையும் ஒரே பதிவாகப் போட்டுப் பக்கத்தின் உச்சியில் பின் செய்யுங்கள்.

2. புகாருக்கு முதல் பதிலைப் பொதுவிலேயே சொல்லுங்கள். ஆர்டர் எண், போன் நம்பர் போன்றவற்றை மட்டும் இன்பாக்ஸில் வாங்குங்கள்.

3. கஸ்டமர் கமென்டில் தன் நம்பரைப் போட்டிருந்தால் அந்தக் கமென்ட்டை மறைத்துவிட்டு, ஏன் மறைத்தீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.

4. வாரம் ஒரு முறை உங்கள் கம்பெனி பெயரை நீங்களே தேடிப் பார்த்து, போலிக் கணக்குகளை ரிப்போர்ட் செய்யுங்கள்.

5. யாராவது ஏமாந்துவிட்டால், சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

பதிலின் வடிவமும் முக்கியம். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டினால் கோபம் கூடத்தான் செய்யும். "ஆர்டர் எண்ணை இன்பாக்ஸில் அனுப்புங்க. குடோனில் விசாரித்து நாளை மாலை 5 மணிக்குள் சொல்றோம்" என்று எழுதுங்கள். சொன்ன நேரத்தில் விவரம் கிடைக்காவிட்டாலும், இன்னும் கிடைக்கவில்லை என்றாவது சொல்லுங்கள்.

இதற்கு உள்ளே ஒரு பாதை வேண்டும். சுரேஷ் பிரபு 2014 முதல் 2017 வரை ரயில்வே அமைச்சராக இருந்தபோது, ஓடும் ரயிலிலிருந்து பயணிகள் ட்விட்டரில் உதவி கேட்டதும் உதவி கிடைத்ததும் செய்தியாயின. ட்விட்டர் கணக்கைப் பார்த்தவர் ரயிலுக்குள் ஓடவில்லை. புகார் சம்பந்தப்பட்ட கோட்டத்துக்குப் போனது, அங்கிருந்தவர்கள் வேலையை முடித்தார்கள். உங்கள் சர்வீஸ், கணக்கு, டெலிவரி பிரிவுகளில் யாருக்குப் போன் போடணும் என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால், நீங்கள் எவ்வளவு இனிமையாக எழுதினாலும் பயன் இல்லை.

காலக்கெடுவும் உண்டு. ஆன்லைனில் விற்கும் நிறுவனங்கள் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

"பிடித்தால் லைக், இல்லாவிட்டால் ஷேர்", "மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள்" என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அடுத்த மாதமே, மக்களுக்கு இடையே உண்மையான உரையாடலைத் தூண்டும் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாகவும் சொன்னது.

இன்ஃப்ளூயன்சருக்குப் பணமோ இலவசப் பொருளோ கொடுத்தால், அது விளம்பரம் என்று பதிவில் தெளிவாகத் தெரியணும். இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

மேனேஜரிடம் என்ன கணக்கு காட்டுவது?

ஃபாலோயர் எண்ணிக்கை ஏமாற்றும். 1 லட்சம் பேர் பின்தொடரும் பக்கத்தில் ஒரு பதிவுக்கு 800 பேர் ஏதாவது செய்தால் அது 0.8 சதவீதம். 4,000 பேர் உள்ள பக்கத்தில் 200 பேர் என்றால் 5 சதவீதம். இரண்டாவது பக்கம்தான் உயிரோடு இருக்கிறது.

மாதக் கடைசியில் நான்கே எண்களைக் காட்டுங்கள்: வந்த கேள்விகள் எத்தனை, பதில் சொன்னவை எத்தனை, முதல் பதிலுக்கு ஆன நேரம், உண்மையிலேயே தீர்ந்தவை எத்தனை. இதோடு, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். அது உங்கள் பொருளில் இருக்கும் ஓட்டையைக் காட்டும். அடுத்த வாரத் தொடருக்கான தலைப்பும் அதுவேதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், இன்றைக்குப் புதுப் பதிவு எதுவும் வேண்டாம். கடந்த 3 மாதக் கமென்ட்டுகளையும் இன்பாக்ஸையும் திறந்து, பதில் இல்லாமல் நிற்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு வாருங்கள்.