ஜவ்வாது மலை நூலகத்துக்கு நூல் தெரிதல்

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ நூல் தெரிந்து கொடுக்கச் சொன்னால், நான் முதலில் கைவைப்பது சட்ட அலமாரியில்தான். வரலாற்று நூலில் பிழை இருந்தால் பின்னொரு நாள் திருத்திக்கொள்ளலாம். சட்ட நூலில் பிழை இருந்தால் நிலமே கைவிட்டுப் போகும்.

ஜமுனாமரத்தூர் வட்டாரத்து மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டையொட்டி வாழ்பவர்கள். சாமை விதைப்பவர்கள், தேனும் கடுக்காயும் சேகரிப்பவர்கள். அவர்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைவிட அவசரமான பாடம் எது? 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். அந்தக் கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. சிறு வனப் பொருள்களின் மீதும் உரிமை உண்டு. இவற்றை எளிய தமிழில், கோரிக்கைப் படிவத்தோடு விளக்கும் 40 பக்கச் சிறு நூல் ஒன்று, தடித்த அட்டை போட்ட பத்துச் சட்டக் களஞ்சியங்களுக்கு மேல் என்பேன்.

ஆனால் அந்தச் சிறு நூலையும் சோதித்தே வாங்க வேண்டும். வட மாநில நிலையை மனத்தில் கொண்டு எழுதிய நூல்கள், 1996ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டத்தையும் வன உரிமைச் சட்டத்தையும் ஒரே மூச்சில் பேசிவிடும். முதலாவது, அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே கிடையாது. இதைச் சொல்லாத நூலை நம்பி ஒருவர் மனு எழுதினால் அலைச்சல்தான் மிஞ்சும். பழங்குடியினர் பட்டியலும் அப்படித்தான்: அது மலையாளி மக்களை மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே குறிக்கிறது. அதில் உள்ள வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டது. இன்று இந்த மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஈரோடு மாவட்டம் பட்டியலில் இல்லாததால், பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்கு அந்தத் தகுதி கிடைக்காமல் போனது. ஒரு மாவட்டப் பெயர் ஒரு மாணவியின் படிப்பையே தீர்மானிக்கிறது என்பதை விளக்கும் நூல்தான் இங்கே சட்ட நூல். பதிப்பாண்டையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் உள்ள குற்றவியல் பிரிவு எண்கள் புதிய வழக்குகளுக்குப் பொருந்தா.

வரலாற்றுக்கு வருவோம். தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலை எங்கே கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். மலையடிவாரத்து மண்ணில் நின்ற கற்களின் கதை அது. எடுத்தனூர்க் கல் ஒன்றே போதும்: மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தபோது, கோவிவன் என்னும் அவனது நாய் கள்வர் இருவரைக் கடித்த செய்தியை அது சொல்கிறது. நாய்க்கும் பெயர் பொறித்த ஊர் இது! மன்னர் பட்டியலை ஒப்பிக்கும் நூல்களில் இந்த உயிர் இல்லை. கல்வெட்டு வாசகத்தையும் அது நின்ற இடத்தையும் சேர்த்துத் தருகிற நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை அந்த இடத்துக்கே நடந்து போகலாம். சான்றைத் தானே பார்க்கலாம். மலைபடுகடாத்துக்கும் உரையோடு கூடிய பதிப்பு வேண்டும். நன்னனின் செங்கண்மாவும் சேயாறும் அதில் இருக்கின்றன. அந்த ஆறு பிறப்பது இந்த மலையில்.

பண்பாட்டு நூல்களில் ஒரு தயக்கம் எனக்கு உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ மலையாளிகளைப் பற்றியும் பேசுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதையைப் பதிந்துவைத்திருக்கிறது. அதை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஆயினும் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரித்த காலத்துப் பார்வை அது. அந்த அளவுகோல் பொய்த்துப்போன விவரத்தைச் சொல்லும் மானிடவியல் நூல் ஒன்றும் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். தனியாக அதை ஒரு மலைப் பிள்ளையின் கையில் கொடுப்பது கொடுமை.

அறிவியலுக்கு ஒரே ஒரு சோதனை வைக்கிறேன்: வானியல் நூல் காவலூரைச் சொல்கிறதா? 1986இல் வைணு பாப்பு பெயர் பெற்ற அந்த வானாய்வகம் இந்த மலையிலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை அங்கும் பதிவு செய்தார்கள். ஏன் இந்த மலை, ஏன் அந்த இருட்டு, தென்வானம் இங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று விளக்கும் நூலே எனக்கு வேண்டும்.

நகரத்து வீடுகளில் கழித்த நூல்களை மூட்டையாக மலைக்கு அனுப்பும் வழக்கம் நின்றாக வேண்டும். 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த விதிகளில் இரண்டு, வாசகருக்குரிய நூலையும் நூலுக்குரிய வாசகரையும் பற்றியவை. மூட்டையில் அந்த இரண்டுமே இல்லை. தேர்வுக் குழுவில் மலையைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரும், கிராம சபையில் பேசிப் பழகிய பெண் ஒருவரும் அமரட்டும். வாங்குமுன் ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுத்து, மலையைப் பற்றிய பக்கங்களை வாசிக்கக் கேளுங்கள். அவர்கள் தவறு என்று காட்டும் இடத்தைப் பதிப்பகத்துக்கு எழுதி, திருத்தம் வந்த பிறகு பணம் கட்டலாம்.