புரூக்ளின் கொண்டாடிய வெற்றி



நம் பள்ளிப் பிள்ளைகள் திடலில் ரவுண்டர்ஸ் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பந்தை எறிய, மற்றவர் கட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். இந்த ஆட்டத்துக்கு நெருங்கிய உறவுதான் அமெரிக்கர்களின் பேஸ்பால். அதில் 1955ஆம் ஆண்டு ஒரு குழு பெற்ற வெற்றியைப் பற்றியும், அதற்காகக் காத்துக் கிடந்த மக்களைப் பற்றியும் இன்று பேசுவோம்.

நியூயார்க் மாநகரின் ஒரு பகுதி புரூக்ளின். 1898 வரை அது தனி நகரமாக இருந்தது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் பாடுபட்டவர்கள் நிறைந்த ஊர். இத்தாலியர், ஐரிஷ்காரர், யூதர், கறுப்பினத்தவர் எனப் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய குழுவின் பெயர் டாட்ஜர்ஸ். விலகி ஓடுபவர்கள் என்று பொருள். தெருவில் விரைந்து வரும் டிராம் வண்டிகளுக்கு விலகி ஓடிய ஊர்மக்களைக் கேலி செய்து பிறந்த பெயர் அது.

1913இல் திறக்கப்பட்ட எபட்ஸ் திடல்தான் அந்தக் குழுவின் வீடு. ஹில்டா செஸ்டர் என்ற அம்மையார் மலிவான இருக்கைகளில் உட்கார்ந்து பெரிய மாட்டு மணி ஒன்றை ஆட்டிக் குழுவுக்கு உற்சாகமூட்டுவார். ரசிகர்கள் சிலர் ஒரு வாத்தியக் குழு அமைத்து, சுருதி சேராமல் ஊதியும் தட்டியும் எல்லாரையும் சிரிக்க வைப்பார்கள். 1947இல் இதே குழுதான் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைக் களத்தில் இறக்கியது. அதற்கு முன் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பெரிய குழுக்களின் கதவு கறுப்பினத்தவருக்குச் சாத்தியே கிடந்தது. ஏச்சையும் மிரட்டலையும் தாங்கிக்கொண்டு ராபின்சன் ஆடி வென்று காட்டினார்.

ஆனால், ஆண்டின் முடிவில் நடக்கும் உலகத் தொடர் என்ற இறுதிப் பந்தயம் மட்டும் புரூக்ளினுக்குக் கைகூடவில்லை. 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 என ஏழு முறை தோற்றார்கள். கடைசி ஐந்து தோல்விகளும் அதே மாநகரின் யாங்கீஸ் குழுவிடம். அந்தக் குழுவோ அதுவரை பதினாறு முறை பட்டம் வென்றது. சொந்த ரசிகர்களே தங்கள் வீரர்களை ‘உதவாக்கரைகள்’ என்று செல்லமாகத் திட்டினார்கள். தோற்ற மறுநாளே, ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று தேற்றிக்கொண்டார்கள்.

1955இல் மீண்டும் யாங்கீஸ்தான் எதிரி. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்குப் பட்டம். முதல் இரண்டு ஆட்டங்களும் போயின. எபட்ஸ் திடலில் நடந்த அடுத்த மூன்றிலும் வெற்றி. ஆறாவது ஆட்டம் மறுபடியும் தோல்வி. அக்டோபர் 4ஆம் நாள், எதிரியின் திடலில் ஏழாவது ஆட்டம். பந்து எறிந்தவர் ஜானி பாட்ரஸ், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். அவருக்கு 23 வயது நிறைந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

புரூக்ளின் இரண்டு ஓட்டங்கள் முன்னே இருந்தது. ஆறாவது சுற்றில் யாங்கீஸ் வீரர்கள் இருவர் தளங்களில் நிற்க, யோகி பெர்ரா அடித்த பந்து இடப்பக்க எல்லையோரம் பறந்தது. கியூபாவில் பிறந்த சாண்டி அமோரோஸ் அந்தச் சுற்றில்தான் அந்த இடத்துக்கு வந்திருந்தார். ஓடிப்போய்க் கையை நீட்டிப் பிடித்தார். இடக்கைக்காரர் ஆதலால் கையுறை அவருடைய வலக்கையில் இருந்தது, அதனால்தான் எட்டியது. பிடித்த பந்தை உடனே திருப்பி எறிய, மற்றொருவரும் ஆட்டமிழந்தார். முடிவு 2-0.

பிறகு புரூக்ளின் தெருக்களைக் கேட்கவா வேண்டும்! கார்கள் ஹாரன் அடித்தபடி ஊர்வலம் போயின. சட்டிபானைகளைத் தட்டிக்கொண்டு மக்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். சன்னல்களிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாய்ப் பொழிந்தன. ‘அடுத்த ஆண்டு’ ஒருவழியாக வந்துவிட்டது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. குழு உரிமையாளர் புதிய திடல் கட்டப் புரூக்ளினிலேயே நிலம் கேட்டார். நகர அதிகாரிகள் வேறோரிடத்தைக் காட்டினார்கள். பேச்சு முறிந்தது. 1957 அக்டோபரில், குழு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. 1960இல் எபட்ஸ் திடலை இடித்தார்கள். அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஓர் உலகத் தொடர் வெற்றிதான் புரூக்ளினில் கொண்டாடப்பட்டது. குழு பின்னர் பெற்ற பட்டங்களெல்லாம் வேறு ஊரின் பெயரில் சேர்ந்தன.

ஊர்மக்களை யாரும் கேட்கவில்லை. சட்டையில் ஊர்ப்பெயர் இருந்தாலும் உரிமைப் பத்திரம் வேறொருவரிடம் இருந்தது. தோட்டங்கள் கைமாறியதைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்றாலும் அந்த ஒரு நாளைப் புரூக்ளின் மக்கள் விட்டுவிடவில்லை. யார் எங்கே நின்று செய்தி கேட்டார், யார் யாரைக் கட்டிக்கொண்டார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், எழுதியும் வைத்தார்கள்.

நம் தோட்டத் திடல்களிலும் பந்து உருண்டது. ஆடியவர்கள் யார், எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தை வென்றார்கள் என்று உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேளுங்கள். பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.