ஊசி முதலில் எங்கள் கைக்கு

ஊசி போடுகிறவர்கள் முதலில் தாங்கள் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். பிளேக் தடுப்பூசியை உருவாக்கிய வால்டெமார் ஹாஃப்கின் 1897 ஜனவரி 10 அன்று பம்பாயில் அதைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் பைகுலா சிறைக் கைதிகளுக்குப் போட்டார்கள். கைதிகள் தாங்களாக முன்வந்தார்கள் என்பது பதிவு. சிறைக்குள் இருப்பவர் எந்த அளவுக்குத் தானாக முன்வர முடியும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

2021 ஜனவரி 16 அன்று கோவிட் தடுப்பூசி தொடங்கியபோதும் முதல் வரிசை மருத்துவமனை ஆட்களுக்குத்தான். அப்போது நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் நர்ஸ். தயக்கம் எங்களுக்கும் இருந்தது. "நீங்க போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கிறேன் சிஸ்டர்" என்றார் வார்டு கூட்டும் அக்கா. இருவரும் சேர்ந்தே போய் வரிசையில் நின்றோம்.

ஏப்ரல், மே மாதங்களில் கோவிட் கிருமியின் டெல்டா திரிபு வந்தது. இரண்டு தவணை முடித்த எங்களுக்கே காய்ச்சல். "ரெண்டு ஊசி போட்டும் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள்.

அதற்கான விடை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஊழியர் கணக்கில் இருந்தது. அங்கே ஜனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை 8,991 பேர் ஊசி போட்டிருந்தார்கள், பெரும்பாலும் கோவிஷீல்டு. இரண்டு தவணையும் முடித்தவர்களில் 9.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது உண்மை. ஆனால் ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டபோது, தொற்றைத் தடுப்பதில் 65 சதவீதப் பாதுகாப்பு. ஆக்சிஜன் தேவைப்படாமல் காத்ததில் 92, ஐ.சி.யூ.வுக்குப் போகாமல் காத்ததில் 94.

இந்த வித்தியாசம் ஏன்? கையில் போட்ட ஊசியால் எதிர்ப்பொருள் ரத்தத்தில்தான் பெருகுகிறது, மூக்கின் ஈரத்தில் குறைவு. மாதங்கள் போகப்போக ரத்தத்தில் இருப்பதும் இறங்கும். டெல்டாவோ கூர்ப்புரதத்தை (ஸ்பைக்) மாற்றிக்கொண்டு வந்த கிருமி. பழைய எதிர்ப்பொருள் அதை முன்போல் இறுகப் பிடிக்கவில்லை. ஆகவே கிருமி மூக்கில் பெருகிவிட்டது. அதற்குள் நினைவணுக்கள் விழித்துப் புதிதாக எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன, டி அணுக்கள் தொற்றிய செல்களை அழிக்கின்றன. பெரும்பாலோருக்குக் கிருமி நுரையீரலை ஆழமாகத் தாக்குமுன் சண்டை முடிந்துவிட்டது. இஸ்ரேலின் ஷேபா மருத்துவமனையிலும், ஊசி போட்டும் தொற்றிய 39 ஊழியர்களை ஆராய்ந்தார்கள். தொற்று வந்த சமயத்தில் அவர்களின் எதிர்ப்பொருள் அளவு, தொற்றாத சக ஊழியர்களைவிடக் குறைவாக இருந்தது. அங்கே அப்போது பரவியது பெரும்பாலும் ஆல்ஃபா திரிபு.

ஒமைக்ரான் திரிபு பரவிய நேரத்தில், 2022 ஜனவரி 10 அன்று, எங்களுக்கு மூன்றாவது ஊசி தொடங்கியது. ஹாஃப்கின் குத்திக்கொண்டு சரியாக 125 ஆண்டுகள்! அரசு வேண்டுமென்று தேர்ந்த நாளாக இருக்காது.

ஹாஃப்கின் காலத்து ஊழியரிடம் தைரியத்தை மட்டும்தான் கேட்டார்கள். எங்களிடம் கணக்கும் கிடைத்தது: எந்தத் தேதியில் எந்த ஊசி, தொண்டை கரகரத்த அன்றே பரிசோதனை, எல்லாம் ஒரே இடத்தில். கோவிட் தொடக்கத்தில் மக்கள் தட்டைத் தட்டி எங்களுக்கு நன்றி சொன்னதைவிட இந்தப் பதிவேட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் என்னோடு வரிசையில் நின்ற அந்த வார்டு கூட்டும் அக்கா ஒப்பந்த ஊழியர். எங்கள் மருத்துவமனை வைத்திருந்த ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்ததா என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அடுத்த தொற்று வருவதற்குள், குப்பை அள்ளுகிறவர்களின் பெயரையும் அதே பதிவேட்டில் ஏற்றுங்கள்.