பொழியூர்ப் பந்தும் 1956 எல்லையும்

குளத்தூர் ஊராட்சியின் கடலோரத்தில் இருக்கிறது பொழியூர். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் தூத்தூர், இரவிபுத்தன்துறை. இரண்டு பக்கமும் மீனவக் குடும்பங்கள், இரண்டு பக்கமும் மணலில் பந்தாட்டம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் சந்தோஷ் டிராபியில் நம்ம பையன் யாருக்கு ஆடுவான் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கோடே முடிவு செய்தது.

அமெரிக்காவில் பள்ளி ஆட்டக்காரனைக் கல்லூரிகள் உதவித்தொகை காட்டி இழுக்கும். கேரளத்தில் இழுத்தது உத்தியோகம்: டைட்டானியம், மின்வாரியம், போலீஸ். போலீஸ் அணி 1990, 1991 ஃபெடரேஷன் கோப்பைகளை வென்றது. கடலுக்குப் போகிற அப்பனுக்குக் கோப்பையைவிட மாதச் சம்பளம்தானே பெரிசு!

2018-இல் கொல்கத்தாவில் சந்தோஷ் டிராபி வென்ற கேரள அணியில் பொழியூர் சீசன் ஆடினார். 2019-இல் நெய்வேலியில் அவரே கேப்டன். ஒரு கோல்கூடப் போடாமல் கேரளம் வெளியேறியது.

அதே 2019-இல் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்குள் வந்தார். சென்னை சிட்டியில் ஆடிய அவரை எடுத்தது அரசுத் துறை அல்ல, ஐ.எஸ்.எல். கிளப்புகள்: முதலில் ஜாம்ஷெட்பூர், அடுத்து கொல்கத்தா. 2020 நவம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்தப் பருவமே போயிற்று. மின்வாரிய ஆட்டக்காரருக்கு முழங்கால் போனாலும் உட்கார ஒரு நாற்காலி இருக்கும்.