உமிக்கூடையும் ஃபோம் தட்டும்

போன ஆடியில், அடைவைக்க பஸ்ஸில் எனக்கு வந்து சேர்ந்த 12 சிறுவிடைக் கோழி முட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை. அனுப்பியவர் கூடை நிறைய உமி கொட்டி, முட்டைகளைப் புதைத்து, வாயைச் சாக்கால் தைத்திருந்தார். “பார்த்தீங்களா, ஒரு கீறல் கிடையாது” என்று போனில் அவர் பெருமைப்பட்டதில் நியாயம் இருந்தது. 21ஆம் நாள் வெளியே வந்த குஞ்சுகள் 4. மற்ற எட்டும் கூமுட்டை. ஐப்பசியில் அதே வீட்டுக் கோழிகளின் 12 முட்டைகள் ஃபோம் தட்டில் வந்தன. வரும்போதே ஒன்று விரிசல், பொரித்தவை 8. ஒரு வீட்டுக் கணக்கை வைத்துச் சட்டம் எழுத முடியாது, பருவமும் மாறியிருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து முட்டை உடையாமல் வந்தது என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

நாமக்கல்லிலிருந்து லாரியில் போகும் கடை முட்டை, சேவலே இல்லாத கூண்டில் இட்டது. ஓடு முழுதாக இருந்தால் ஆம்லெட்டுக்கு அது போதும். குஞ்சு பொரிக்க வேண்டிய கருமுட்டை அப்படியல்ல. மஞ்சள் கருவின் மேல் சிறு வெண்புள்ளியாக உயிர் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் கருவை நடுவில் நிறுத்த, இரு பக்கமும் முறுக்கிய கயிறுபோல வெண்கரு இழைகள். அகன்ற முனையில், இரண்டு சவ்வுகளுக்கு இடையே காற்றறை. ஓட்டைக் கொத்தி உடைப்பதற்கு முன் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது இந்த அறையிலிருந்துதான். வழி நெடுக அதிர்ந்தால் சவ்வுகள் மேலும் பிரிந்து, காற்று முட்டைக்குள் அங்குமிங்கும் அலையத் தொடங்கும். வெளியே ஓடு பளிச்சென்று இருக்கும்.

உமியின் பலம் இடியைத் தாங்குவது. கூடை கைதவறி விழுந்தாலும் அடியை நாலா பக்கமும் பிரித்துக்கொள்ளும். காசும் ஆகாது, அரிசி ஆலையில் கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். ஆனால் உமி நிற்காது, நகரும். மரக்காலில் நெல்லைப் போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு விரல் இறங்குமே, அந்த வேலையைக் குண்டும் குழியுமான ரோடு இரவு முழுக்கச் செய்கிறது. உமி அடியில் இறுக, மேலே இடைவெளி விழும். கூர்முனை கீழாக வைத்த முட்டை படுக்கும், சிலது தலைகீழாகும், இரண்டு முட்டைகள் நெருங்கி முட்டிக்கொள்ளும். உடைந்தது ஒன்றானாலும் அந்த ஈரம் உமியோடு சேர்ந்து சுற்றியுள்ள முட்டைகளில் அப்பிக்கொள்ளும். பழைய, ஈரம் பட்ட உமியென்றால் பூஞ்சைக்கு வேறு கதவு திறந்த மாதிரி. தவிடு இன்னும் மோசம். சீக்கிரம் புழுங்கி வண்டு வைக்கும்.

ஃபோம் தட்டில் முட்டைக்கு ஒரு குழி. வைத்த நிலையிலேயே, கூர்முனை கீழாகவே, ஊர் போய்ச் சேரும். ஒன்று உடைந்தால் பெரும்பாலும் அதன் குழியோடு போயிற்று. ஆனால் குழி அளவாக இருக்க வேண்டும். 50 கிராமுக்கு மேல் எடையுள்ள பண்ணை முட்டைக்கு வெட்டிய குழியில் 40 கிராம் சிறுவிடை முட்டையை வைத்தால் கிலுகிலுப்பைதான். ஒரு சுற்று டிஷ்யூ காகிதம் அந்தக் குறையைத் தீர்க்கும். தெர்மாகோலை ஃபோம் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது ஃபோமைப்போல அமுங்கி மீளாது. அதிர்வு உள்ளே போய்விடும்.

வெயில் விஷயத்தில் இரண்டும் கைவிரிக்கின்றன. அடைமுட்டையை 15 முதல் 18 டிகிரியில் வைத்திருப்பது நல்லது. 20ஐத் தாண்டி ஏறினால் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். அடைக்கு வேண்டிய 37.5 டிகிரியும் கிடைக்காமல் நலிந்துபோகும். சித்திரையில் பார்சல் ஆபீஸ் தகரக் கூரைக்கடியில் ஒரு பகல் கிடந்தால் உமியும் ஃபோமும் சூட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவே. சாயங்காலம் கட்டி இரவு பஸ்ஸில் ஏற்றி விடியலில் இறக்குவதுதான் இதற்கு வழி. இட்டு ஒரு வாரம் தாண்டிய முட்டையை எதில் கட்டினாலும் பொரிப்பு குறையும்.

எங்கள் பக்கத்தில் அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடுவார்கள், இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க. இரும்பு எதையும் காக்கப்போவதில்லை. ஆனால் அதிர்வுக்குப் பயந்தார்களே, அந்தப் பயம் வீணல்ல.

என் தீர்ப்பு இது: பக்கத்து ஊருக்கு மடியில் வைத்துக்கொண்டு போவதென்றால் உமிக்கூடை போதும், மடியைவிட நல்ல ஸ்பிரிங் எந்த வண்டியிலும் இல்லை. முன்பின் தெரியாதவர் கையில், பார்சலாகப் போவதென்றால் ஃபோம்தான். அதையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதைச் சுற்றி இன்னொரு பெட்டி போட்டு, இடையில் காகிதம் கசக்கித் திணித்து, காற்றுக்கு நாலு துளை விட வேண்டும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே காய்ந்த உமியை இறுக்கினாலும் சரி. முட்டையைத் தொடாத இடத்தில் உமிக்கு நான் எதிரியல்ல.

வாங்குபவருக்கு ஒரு சொல். பார்சல் வந்ததும் நேரே குஞ்சு பொரிக்கும் மெஷினில் வைக்காதீர்கள். கூர்முனை கீழாக ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். அனுப்பியவருக்குப் போன் செய்யும்போது எத்தனை உடைந்தது என்பதோடு நிறுத்தாமல், எத்தனை முட்டையில் காற்றறை ஆடியது என்பதையும் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் கட்டும் விதம் மாறும்.