தரிசு என்று எழுதிய இடத்தில்தான் நம் அடுப்பு எரிந்தது



சில நாட்களுக்கு முன்பு ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: "அண்ணே, சுற்றுச்சூழல் பாடத்தில் பயோமாஸ் என்று ஒரு அத்தியாயம் வருது. இதுல நமக்கு என்ன இருக்கு?" உங்க ஆத்தா தலையில சுமந்து வந்ததுதாம்ப்பா அது என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பயோமாஸைத் தமிழில் உயிர்த்திரள் என்கிறார்கள். ஓர் இடத்தில் இருக்கும் உயிர்ப்பொருளின் மொத்த எடை. ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்து, ஈரம் முழுக்கப் போகும்வரை சூடாக்கிக் காயவைத்து, இனி எடை குறையாது என்ற நிலையில் நிறுத்தால் வருவது. 2018இல் பார்-ஆன், பிலிப்ஸ், மைலோ என்ற மூன்று ஆய்வாளர்கள் பூமிக்கே இப்படி ஒரு கணக்குப் போட்டார்கள். உயிர்களில் இருக்கும் கார்பன் மட்டும் சுமார் 550 கிகா டன். அதில் 450 செடி, கொடி, மரம். மனிதர்கள் அத்தனை பேரையும் சேர்த்தால் 0.06. அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் மேல்சாதி எத்தனை கிராம், கீழ்சாதி எத்தனை கிராம் என்று தராசுக்குத் தெரியாது.

தராசு நியாயமானதுதான். ஆனால் தராசு வருவதற்கு முன்பே ஒருவர் பேனாவோடு வந்து நிலத்துக்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நாம் படிக்க வேண்டிய வரலாறு அந்தப் பெயரில் இருக்கிறது. தரிசு.

வெள்ளைக்காரன் கணக்கில் தரிசு என்றால் ஒன்றும் முளைக்காத நிலம் என்று பொருள் இல்லை. தீர்வை கட்டாத நிலம், அவ்வளவுதான். அங்கே புல் இருந்தது, முள் இருந்தது, மாட்டுச்சாணி கிடந்தது. சேரியின் அடுப்பும் ஆடும் அதை நம்பித்தான் இருந்தன. ஆனால் அந்த நிலத்தைக் கேட்டுத் தர்க்காஸ்து மனுப் போட்டால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. பறையர் ஒருவர் மனுப் போட்டால், மிராசுதார் குறுக்கே வந்து எனக்கு வேண்டும் என்று சொன்னால் போதும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இதைத்தான் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு, 1892 செப்டம்பரில் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். அந்த நிலம் பிறகு எப்படிப் பறிபோனது, 1994இல் காரணையில் அதைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இங்கே நான் பிடிக்க நினைப்பது வேறொரு நுனி. அந்த நிலத்தில் முளைத்தது யாருக்குப் போனது?

இதே காலத்தில்தான் சீமைக் கருவேலம் வருகிறது. ரயில் எஞ்சின்கள் விறகைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. சென்னை மாகாணத்தின் காட்டிலாகாத் தலைவர் பெட்டோம் 1876இல் விதை கேட்டு எழுதினார். 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம், வறண்ட மண்ணுக்கு ஏற்றது, சீக்கிரம் வளரும், வெட்டினாலும் தழைக்கும். பிற்பாடு ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்க் கண்மாய்களை எல்லாம் அது மூடியது. நாங்கள் வேலிக்கருவை என்போம். அது கண்மாயைக் கெடுத்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் விவசாயக் கூலி வேலை இல்லாத மாதங்களில் எங்கள் தெருவில் உலை வைத்ததும் அதுதான். அம்மா விடியுமுன்னே அரிவாளும் தொரட்டியும் எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது கையெல்லாம் முள் கீறியிருக்கும். நல்ல விறகுக்கட்டு டவுனுக்கு விலைக்குப் போகும், சுள்ளி மட்டும் எங்களுக்கு. சிலிண்டர் வந்த பிறகும் வெந்நீருக்கு அந்த விறகுதான்.

இன்னொரு வழி கரிமூட்டம். மரத்தைத் தூரோடு பறித்து, துண்டு போட்டு, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடித் தீ வைக்க வேண்டும். நாலைந்து கிலோ விறகு எரிந்தால்தான் ஒரு கிலோ கரி. காற்று கூடுதலாகப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து புகையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை, அது ஈரம். மெலிந்து நீலமாக வந்தால் மூட்டம் வெந்துவிட்டது என்று அர்த்தம். எந்தக் கல்லூரியும் சொல்லித் தராத படிப்பு இது. படித்தவர்களுக்குக் கிடைத்தது நெஞ்சில் புகையும், முதலாளியிடம் முன்பணமும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. வட மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தி 2019இலும் வந்தது. ஒரு டன் விறகு என்று எழுதும்போது இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சுதந்திர இந்தியாவின் பேனாவும் மாறவில்லை. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் வந்தது. ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேரில் விறகும் தீவனமும் வளர்ப்பது இலக்கு. 2003இல் திட்டக்குழு அமைத்த குழுவொன்று காட்டாமணக்கிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று சொன்னது. 2009 உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்றது. விளைநிலத்தைத் தொடமாட்டோம், தரிசில்தான் நடுவோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் ஜெனிஃபர் பாக்கா என்ற ஆய்வாளர் வந்து பார்த்தபோது அந்தத் தரிசில் ஏற்கெனவே ஓர் எரிபொருள் பொருளாதாரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கருவை வீட்டு அடுப்புக்கும், தொழிற்சாலைக் கொதிகலனுக்கும், பயோமாஸ் மின் நிலையத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. 2014இல் அவரும் பெய்லிஸும் வெளியிட்ட கணக்கின்படி, காட்டாமணக்கு தரக்கூடிய பயனுள்ள ஆற்றலைப்போல இரண்டரை மடங்கு முதல் பத்து மடங்கு வரை வேலிக்கருவை ஏற்கெனவே தந்துகொண்டிருந்தது. ஆற்றலே இல்லாத நிலம் என்று சொல்லி, இருந்த ஆற்றலைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குறைவான ஒன்றை நட்டிருக்கிறார்கள். காட்டாமணக்கு சொன்னபடி காய்க்கவும் இல்லை. நில வியாபாரிகளுக்கு மட்டும் வேலை நடந்தது.

இதைப் படித்துவிட்டு வேலிக்கருவைக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சில சூழலியல் நண்பர்கள் கோபிப்பார்கள். கண்மாயில் அது நிற்கக்கூடாது என்பதுதான் என் கருத்தும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. மரம் எத்தனை, பரப்பு எத்தனை என்று பேசினார்கள். அந்த மரத்தை நம்பி எத்தனை அடுப்பு என்று யாரும் பேசவில்லை. வெட்டிய மரம் ஏலத்துக்குப் போகும்போது ஏலம் எடுக்கிறவர் யார், வெட்டுக்கூலிக்குப் போகிறவர் யார் என்பதை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம்.

இப்போது மூன்றாவது சுற்று. 2021 முதல் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு பயோமாஸ் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கொள்கை இருக்கிறது. 2023இல் வந்த பசுமைக் கடன்மதிப்பு விதிகள், சீரழிந்த நிலத்தில் மரம் நடுவோருக்கு மதிப்பெண் தருகின்றன. சீரழிந்த நிலம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ட்ரெமென்ஹீர் காலத்து மிராசுதார்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். தரிசு, புறம்போக்கு என்று எழுதியிருக்கும் புல எண்களைக் குறித்துக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்து போங்கள். விறகு எடுப்பவர், ஆடு மேய்ப்பவர், மூட்டம் போடுபவர் யார், வாரத்துக்கு எத்தனை கட்டு என்று எழுதுங்கள். முடிந்தால் நிறுத்துப் பாருங்கள், சாதாரணத் தராசு போதும். யாராவது தடுக்கிறார்களா என்று பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஊர்ப் பொது வளங்களை மற்றவர்களுக்குச் சமமாக நம் மக்கள் பயன்படுத்துவதைத் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்த நோட்டை எனக்குக் காட்டுங்கள்.